விலாஸ்பென் தரம் சொன்ன மோதிரம்

சூரத்தில் வராச்சா ரோட்டை ஒட்டிய வைர ஆபீஸ்களில் விலாஸ்பென்னைத் தெரியாதவர் கிடையாது. தெரியும் என்பதால் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் கண் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை, அவள் வாய் மேல் எல்லாருக்கும் பயம். கல்லுக்குத் தரம் சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் தரம் சொல்லாமல் இருக்க முடியாத ஆளாகிவிட்டாள். காய்கறிக்காரன் தக்காளியை நீட்டினால், "கலர் நல்லாத்தான் இருக்கு, உள்ள விரிசல்" என்பாள். நாத்தனார் தன் புது மருமகனைப் பற்றி ஆசையாகக் கேட்டபோது, "நேராப் பாத்தா பளபளப்பு. பக்கவாட்டுல பாத்தா மஞ்சள்" என்றாள். அதற்கப்புறம் நாத்தனார் வெகுநாள் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆபீஸில் அந்த வாய்க்குத்தான் சம்பளம். பட்டை தீட்டிய கற்கள் காகிதப் பொட்டலங்களில் வந்து இறங்கும். வடக்கு பார்த்த ஜன்னல்களுக்குக் கீழே மேஜைகள் வரிசையாகப் போட்டிருக்கும். அதில் நடு மேஜை விலாஸ்பென்னுடையது. வெள்ளைக் காகிதத்தை வாய்க்கால் மாதிரி மடித்து, கல்லை அதில் தலைகீழாகக் கவிழ்த்து, ஏற்கெனவே தரம் முடிவான மாதிரிக் கற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். வைரத்தில் நிறமே இல்லாமல் இருப்பதுதான் உயர்ந்த நிறம். துளிகூட நிறமில்லாத கல் 'டி'. அங்கிருந்து ஈ, எஃப், ஜி, எச் என்று எழுத்து இறங்க இறங்க, பாலில் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக விழுந்த மாதிரி மஞ்சள் ஏறிக்கொண்டே போகும். 'ஜி'க்கும் 'எச்'சுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் இந்த ஜென்மத்தில் தெரியாது. விலாஸ்பென்னுக்கு அது வாசலுக்கும் கொல்லைக்கும் இருக்கிற தூரம்.

நகை வாங்கப் போகிற அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் அவளிடம்தான் வருவார்கள். பென் என்றால் அங்கே அக்கா.

"கடைக்காரன் ஃபோர் சி, ஃபோர் சின்னு நாலு விரலை மடக்கி மடக்கிக் காட்றான் பென், என்னதான் அது?"

"நிறம், சுத்தம், வெட்டு, எடை. அவ்வளவுதான் சமாசாரம். எடையைத் தராசு சொல்லிடும். மத்த மூணையும் கடை லைட்டு மறைச்சிடும். அந்த லைட்டுல உன் வீட்டுக்காரர்கூட அழகாத் தெரிவார். கல்லை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டாரச் சொல்லு. தங்கத்துல பதிக்கிறதுக்கு முன்னாடியே பாரு. கருப்புப் புள்ளி ஓரத்துல இருந்தா தங்கம் மூடிக்கும். நடுவுல இருந்தா உன் மாமியார் கண்ணுல மொதல்ல அதான் படும்."

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு அவள் சொல்லும் பாடமும் ஏறக்குறைய இதுதான். பட்டை தீட்டிய கல்லை ஆசிட்டில் கொதிக்கவைத்துக் கழுவிய பிறகே மேஜைக்கு எடுக்க வேண்டும். தங்கத்தில் உட்கார்ந்த கல்லுக்கு எழுத்துச் சொல்லவே கூடாது, தங்கம் தன் மஞ்சளைக் கல்லுக்குள் இறக்கிவிடும். சாயங்கால வெளிச்சத்தில் வாயைத் திறக்கவே கூடாது. யாராவது மீறினால், "கண்ணு இருக்கா, இல்ல முகத்துல ரெண்டு பொத்தான் தெச்சு வெச்சிருக்கியா?" என்று கேட்பாள். இப்படிக் கேட்கப்பட்ட பெண்கள் அந்த ஆபீஸில் நிறையப் பேர்.

இப்பேர்ப்பட்டவள் தன் பிள்ளைக்குப் பெண் பேசப் போன இடத்தில் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

மகன் பாவிக்குக்குத் தண்ணீர் மோட்டார் விற்கிற கடை. நல்ல பையன், சத்தமில்லாதவன். அம்மா பேசியது போக வீட்டில் மிச்சமிருந்த பேச்சு அவனுக்குப் போதவில்லை போலிருக்கிறது. அவர்கள் சாதியில் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகி வெகுகாலமாகிவிட்டது. வந்த பெண்களும் கனடா மாப்பிள்ளை வேண்டும், கவர்ன்மென்ட் மாப்பிள்ளை வேண்டும் என்று நழுவிவிட்டார்கள். இந்த நிலையில்தான் அதே ஊரில் கதார்காம் பக்கம் இருந்த ஊர்வியின் ஜாதகம் வந்தது. பேங்கில் வேலை. அவளும் பாவிக்கும் இரண்டு மூன்று தடவை வெளியே சந்தித்துப் பேசினார்கள். அதற்கப்புறம் பையன் கடையில் உட்கார்ந்து தானாகச் சிரிக்க ஆரம்பித்தான். விலாஸ்பென் அதைப் பார்த்துவிட்டு, "எங்கேயும் கீறல் இல்ல. இவளை விடக் கூடாது" என்று வீட்டில் தீர்ப்பு வழங்கிவிட்டாள்.

பொங்கல் கழிந்த குளிர்காலம். விலாஸ்பென்னும் அவள் கணவர் லாபுபாயும் ஒரு ஸ்கூட்டரில், பாவிக் இன்னொன்றில், சாயங்காலமாகக் கதார்காம் போனார்கள். ஊர்வியின் அம்மா நந்தாபென் விதவை. கணவர் தன்ஜிபாய் ஒரு பட்டறையில் வைரம் தேய்த்தவர், கொரோனா காலத்தில் போய்விட்டார். நந்தாபென் இளஞ்சோளத்தைச் சுட்டு உதிர்த்து, சேவும் எலுமிச்சையும் போட்டு வைத்திருந்தாள். டீ வந்தது. எல்லாரும் சாஸரில் ஊற்றி உறிஞ்சினார்கள். பேச்சு சரளமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணத்தை அட்சய திருதியைக்கு வைத்துக்கொள்ளலாமா என்றுகூடப் பேச்சு வந்துவிட்டது.

அப்போது ஊர்வி தட்டை எடுக்கக் குனிந்தாள். விரலில் ஒரு மோதிரம். விலாஸ்பென் கை தானாக நீண்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தது. இன்னொரு கை இடுப்புப் பையிலிருந்து லென்ஸை எடுத்தது. டியூப்லைட்டைப் பார்த்துத் திருப்பினாள், ஒரு கண்ணை மூடினாள்.

"எல்" என்றாள். "அதோட நடுவுலயே கருப்பு. யாரு தலையில கட்டினாங்க இதை?"

நந்தாபென் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அது இவ அப்பா வாங்கின கல்லு. ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் உக்காந்து அவரே தேய்ச்சார். இவளுக்கு வேலை கெடைச்ச அன்னிக்குப் போட்டுவிட்டார். 'ஜி'ன்னு சொன்னார்" என்றாள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் டீயைக் குடித்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். விலாஸ்பென் பேசினாள்.

"தேய்க்கிறவங்களுக்குத் தன் கல்லு எப்பவும் வெள்ளையாத்தான் தெரியும்."

லாபுபாய் கண்ணை மூடிக்கொண்டார். பாவிக் தரையில் இருந்த ஓடுகளை எண்ணுகிறவன் போலக் குனிந்துவிட்டான். நந்தாபென்னின் முகம் கறுத்துப்போனது.

ஊர்வி கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவுமில்லை.

"மாசி" என்றாள். மாசி என்றால் அங்கே சித்தி முறை, மரியாதைக்குக் கூப்பிடுவது. "எங்க அப்பா எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. உங்களைப் பாத்தாலும் பொய் சொல்ற ஆளாத் தெரியல. அப்போ யாரோ ஒருத்தர் கண்ணு தப்பு. யார் கண்ணுன்னு தெரியாம இந்தப் பேச்சை மேல கொண்டுபோக எனக்கு இஷ்டமில்ல."

"நியாயம்தான்" என்றாள் விலாஸ்பென், சளைக்காமல். "நாளைக்குக் காலைல தட்டான்கிட்டப் போயி கல்லைத் தங்கத்துலேந்து பிரிச்சு எடுத்துட்டு எங்க ஆபீஸுக்கு வா. பாத்துடலாம்."

"அவர் உக்காரவெச்ச கல்லைப் பிரிக்கிறதா?" என்று நந்தாபென் பதறினாள்.

"பிரிக்கலாம்மா" என்றாள் ஊர்வி.

திரும்பி வருகையில் மேம்பாலத்தில் வண்டிகள் அடைத்து நின்றன. பின்சீட்டிலிருந்து சத்தமே இல்லை. லாபுபாய் ஜரி நூல் வியாபாரி, பொறுமையான மனுஷர். ஆனாலும் இந்த மாதிரி சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்காது.

"பின்னாடி இருக்கியா, இல்ல எங்கேயாவது விழுந்துட்டியா?"

"இருக்கேன்."

"இந்த ஸ்கூட்டருல இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்ல. பையன் முகத்தைப் பாத்தியா?"

"ஏங்க, கொஞ்சம் சும்மா வர்றீங்களா?"

அவள் பையன் முகத்தையும் பார்த்திருந்தாள். ஆனால் மனதில் ஓடியது வேறு. கல் தங்கத்தில் இருந்தது. வெளிச்சம் டியூப்லைட். வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்த, எண்ணெய் வைத்த கை அது. கல்லின் அடியில் அழுக்கு அடைந்திருக்காமல் எப்படி இருக்கும்? நடுவில் தெரிந்த கருப்பு அந்த அழுக்காக இருக்கலாம், தங்கக் கொக்கியின் நிழலாக இருக்கலாம். புதுப் பெண்களைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டுகிற மூன்று தப்பையும் ஒரே மூச்சில், சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டு வந்திருக்கிறாள். முகத்தில் இரண்டு பொத்தானைத் தைத்துக்கொண்டு போயிருக்கிறாள். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"தப்பா இருந்தா தப்புன்னு சொல்லிடுவேன்" என்றாள் கடைசியில், லாபுபாயின் முதுகைப் பார்த்து.

"எப்போ கடைசியாச் சொன்னே?"

அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

காலையில் பாவிக் வந்து சமையலறை வாசலில் நின்றான். வழக்கமாகச் சாப்பிடுகிற கடலைமாவுக் காட்டியாவைத் தொடவில்லை.

"மம்மி, எப்படி இருந்தாலும் ஜின்னே சொல்லிடேன். அவங்க சந்தோஷப்படுவாங்க. யாரு வந்து சரிபாக்கப் போறா?"

"உனக்காக இன்னிக்கு ஒரு எழுத்தைக் கூட்டிச் சொன்னேன்னா, நாளைலேந்து என் மேஜைக்கு வர்ற கல்லையெல்லாம் எந்த மூஞ்சியோட பாப்பேன்?"

"என்னை எந்த மூஞ்சியோட பாப்பே?"

பையன் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அது அவளை உலுக்கிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஆபீஸ் போகும் வழியெல்லாம் யோசித்தாள். பையன் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. இனி அவள் என்ன சொன்னாலும் செல்லாது. 'ஜி' என்றால் கல்யாணத்துக்காக வளைந்தாள் என்பார்கள். 'எல்' என்றால் வீம்பு என்பார்கள். அவள் ஆபீஸில் இதற்கு வழி இருந்தது. ஒவ்வொரு கல்லையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். யாருடைய கல் என்று தெரியாது, மற்றவர் என்ன சொன்னார் என்றும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே எழுத்தைச் சொன்னால் முடிந்தது. அப்படியே செய்துவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தாள். பார்க்கப்போகும் இரண்டு பேரில் ஒருத்தி கோகிலாபென் என்பது நினைவுக்கு வந்தபோது அவளுக்குப் புளித்த ஏப்பம் வந்த மாதிரி ஆனது.

கோகிலாபென் பக்கத்து மேஜை. என்றைக்கோ ஒரு கல் விஷயத்தில் இருவருக்கும் முட்டிக்கொண்டு, அன்றிலிருந்து ஒருத்தி டப்பாவிலிருந்து இன்னொருத்தி ஊறுகாய்கூடத் தொட்டதில்லை.

ஊர்வி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கைக்குட்டை முடிச்சில் கல் இருந்தது. விலாஸ்பென் அவளை முதலாளி சேட்டின் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் சொன்ன 'எல்'லையும், தேய்க்கிறவர்களைப் பற்றி விட்ட வார்த்தையையும்கூட விடவில்லை. சேட் முதலில் சிரித்தார், அப்புறம் ஊர்வியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

"கல்லை நானே கொதிக்க அனுப்புறேன். இன்னிக்கு வர்ற பொட்டலத்துல நானே கலந்துடறேன். எதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். சரிதானா?"

"சரி சேட்" என்றாள் ஊர்வி.

மதியம் வரை விலாஸ்பென் தன் மேஜையில் தன் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் கோகிலாபென் பார்த்தாள், எழுதிக் கவிழ்த்தாள். அதற்கடுத்த மேஜையில் ஜீவ்ராஜ்பாய் பார்த்தார், எழுதிக் கவிழ்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஊர்வி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டீ வந்தது. அவள் குடிக்கவில்லை.

விலாஸ்பென் ஒரு விஷயத்தை மறந்துபோயிருந்தாள். அல்லது மறந்த மாதிரி இருந்தாள். இரண்டு பேரும் வேறு வேறு எழுத்துச் சொன்னால் கல் மூன்றாவது ஆளிடம் போகும். அந்த ஆபீஸில் மூன்றாவது ஆள் அவள்தான்.

சேட் எழுந்து வந்து ஒரு பொட்டலத்தை அவள் மேஜையில் வைத்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. அதில் ஒரே ஒரு கல். பிரித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்லின் இடுப்பு, அதாவது சுற்று விளிம்பு, கொஞ்சம் தடிப்பு. எடை போய்விடக் கூடாது என்று முன்பெல்லாம் அப்படித்தான் விடுவார்கள். இன்றைக்குப் பட்டறையிலிருந்து வருகிற கற்களில் அப்படி ஒன்று இருக்காது.

"சேட், இது..."

"விதி விதிதான் விலாஸ்பென். உன் மேஜை, உன் கண்ணு."

எந்த இரண்டு எழுத்துக்காக இது அவளிடம் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. 'எல்'லா, 'கே'யா? 'ஜி'யா, 'எச்'சா? அதைச் சொல்கிற வழக்கமில்லை. அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். புதுக் காகிதம் மடித்தாள். கல்லைக் கவிழ்த்தாள். இடது பக்கம் ஜி, வலது பக்கம் எச், இரண்டு மாதிரிக் கற்களையும் வைத்தாள்.

எல் இல்லை. கேயும் இல்லை. பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. நேற்று அவள் சொன்னது தப்பு, கொஞ்சநஞ்சத் தப்பில்லை. லென்ஸை எடுத்தாள். நடுவில் கருப்பு இல்லவே இல்லை. ஓரத்தில், கொக்கி மூடியிருந்த இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைக் கீறல். வைத்தவர் அதை அறிந்துதான் அங்கே கொக்கியை வைத்திருக்கிறார். பட்டைகள் ஒன்றோடொன்று வந்து சேருகிற முனைகளைப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பட்டறையில் நாளெல்லாம் உழைத்த கை, அதற்கப்புறமும் உட்கார்ந்து இப்படி ஒரு வேலை செய்திருக்கிறது.

லென்ஸை வைத்துவிட்டு மறுபடி நிறத்துக்கு வந்தாள். ஜிக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். எச்சுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். கல் ஜிக்கு மயிரிழை கீழே நின்றது. அந்த மயிரிழையை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். ஜி என்று சொன்னால் செத்துப்போனவர் சொல் நிற்கும், விதவையின் முகம் மலரும், பையன் நாளைக்குக் காலையில் காட்டியா சாப்பிடுவான். ஒரு கல்லுக்கு ஒரு எழுத்து. சந்தையில் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் தினம் கைமாறுகிறது.

கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து இன்னொரு முறை பார்த்தாள். கல் மாறவில்லை.

"எச்" என்றாள் சத்தமாக. "சுத்தம் வி.எஸ்., இரண்டாவது, லென்ஸ்ல தேடினாத்தான் கீறல். வெட்டு முதல் தரம். இப்படி ஒரு கை வேலையைப் பாத்து நாளாச்சு."

சேட் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு சீட்டையும் திருப்பினார். கோகிலாபென் ஜி எழுதியிருந்தாள். ஜீவ்ராஜ்பாய் எச்.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஊர்வி மேஜைக்கு வந்து நின்றாள். விலாஸ்பென் நாற்காலியை விட்டு எழுந்து, அவளைப் பார்த்து, அறையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"நேத்து இந்தக் கல்லை நான் எல்லுன்னு சொன்னேன். தங்கத்துல வெச்சு, டியூப்லைட்டுல, கழுவாமப் பாத்துச் சொன்னேன். தப்பு என் கண்ணு மேல இல்ல, என் கொழுப்பு மேல. உங்க அப்பா ஜின்னு சொன்னதும் சரியில்ல. ஒரு எழுத்துத் தள்ளி இருக்கு. என்னால கூட்டிச் சொல்ல முடியாது ஊர்வி. இனி உன் இஷ்டம்."

கோகிலாபென்னின் இடுக்கி மேஜையில் விழுந்தது.

"தங்கத்துல வெச்சா பாத்தே? நீயா? டியூப்லைட்டுலயா?" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடி விலாஸ், இதைக் கேக்கத்தான் கடவுள் என்னை இவ்வளவு நாள் உயிரோட வெச்சிருக்கான்!"

பொத்தான் கண்ணிகள் எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். விலாஸ்பென் நின்று வாங்கிக்கொண்டாள். "சிரிச்சு முடிச்சுட்டுக் கல்லைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊர்வியும் சிரித்தாள், ஆனால் கண் நிறைந்திருந்தது.

"அப்பா எங்கிட்ட எச்சுன்னுதான் சொன்னார் மாசி. அம்மாகிட்டத்தான் ஜி. நீங்க ஜின்னு சொல்லியிருந்தா அப்படியே எழுந்து போயிருப்பேன்."

விலாஸ்பென் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஊர்வி, குரலைத் தாழ்த்தி. "அம்மாகிட்ட மட்டும் ஜின்னே சொல்லிடுங்க. அவங்க அதை நம்பிக்கிட்டு இருக்காங்க."

ஆபீஸ் விட்டதும் இருவரும் ஆட்டோவில் கதார்காம் போனார்கள். ஊர்வி இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தாள். விலாஸ்பென் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கல்லுக்கு மேஜையில் ஒரு எழுத்து, வீட்டில் ஒரு எழுத்து என்று அவள் இதுவரை சொன்னதில்லை. பையனின் முகமும் நந்தாபென்னின் முகமும் மாறி மாறி வந்தன. ஜெயித்துவிட்டு வந்த காரியத்தை இந்த வாயே மறுபடி கெடுத்துவிடுமோ என்று உள்ளூரக் கலங்கினாள்.

நந்தாபென் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"நேத்து நான் சொன்னது முழுத் தப்பு" என்றாள் விலாஸ்பென், நின்றபடியே. "நடுவுல கருப்பு இல்ல. அழுக்கைப் பாத்துட்டு உளறிட்டேன். ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், இங்கேயும் சொல்றேன்."

"அது கெடக்கட்டும். எழுத்து என்ன?"

ஊர்வி, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, விலாஸ்பென்னையே பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை.

"எச்" என்றாள் விலாஸ்பென்.

ஊர்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நந்தாபென் தலையை ஆட்டினாள்.

"எச்சாத்தான் இருக்கும். ஜின்னு சொன்னப்போ அவர் என் முகத்தைப் பாக்கல, கல்லைப் பாத்துச் சொன்னார். பொய் சொல்றப்போ எப்பவும் அப்படித்தான், எங்கேயாவது பாத்துக்கிட்டுப் பேசுவார். எனக்குப் பெருமையா இருக்கணுமேன்னு சொன்னார். நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்." மகள் பக்கம் திரும்பினாள். "இவளும் அவர் போனதுக்கப்புறம் எனக்காக ஜி, ஜின்னு சொல்லிக்கிட்டே இருக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பு."

"அம்மா..." என்றாள் ஊர்வி.

"அதெல்லாம் எனக்குப் பெரிசில்ல. ஆனா நீங்க ஒண்ணு சொன்னீங்களே பென். தேய்க்கிறவங்களுக்குத் தன் கல்லு எப்பவும் வெள்ளையாத்தான் தெரியும்னு. ராத்திரி பூரா அதுதான் குத்திக்கிட்டே இருந்துது."

விலாஸ்பென் ஒரு நிமிஷம் யோசித்தாள். யோசித்துப் பேசுவது அவளுக்குப் புதுசு.

"அது அவர் கல்லு" என்றாள். "சொந்தக் காசுல வாங்கி, சொந்தக் கையால தேய்ச்சு, பொண்ணு விரல்ல போடப்போற கல்லு. ஜிக்கும் எச்சுக்கும் நடுவுல மயிரிழைதான். எங்க கோகிலாவே அதை ஜின்னுதான் பாத்தா. அவர் பாத்து எச்சுன்னு கண்டுபிடிச்சு உங்க பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கார். தன் கல்லுன்னு கண்ணு மயங்கல. என் கண்ணுதான் மயங்கிச்சு, அதுவும் வெறும் தங்கத்தோட மஞ்சள்ல. அந்த வார்த்தையை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

நந்தாபென் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஊர்வி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். விலாஸ்பென்னும் மூக்கை உறிஞ்சினாள், மறைக்கவில்லை.

அப்புறம் நந்தாபென் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது. சம்பந்தம் முடிவானால் எல்லார் வாயிலும் போடுகிற வெல்லமும் தனியாவும் ஒரு கிண்ணத்தில் வந்தது. ஊர்விக்கு ஒரு கிள்ளு கொடுத்தாள். கிண்ணத்தில் இருந்ததில் பாதியை அள்ளிக்கொண்டு விலாஸ்பென்னிடம் வந்தாள்.

"இவ்வளவா?" என்றாள் விலாஸ்பென்.

"உங்களுக்கு இவ்வளவு வேணும். வாயைத் திறங்க."

விலாஸ்பென் திறந்தாள்.